ஜனவரி மாதத் தொலைபேசி பில்

வீட்டுக்குள் தொலைபேசி கூடாதென்பது சபையின் ஒழுங்கு.
அதனால் சோளக்காட்டு ஓரத்தில்
வெளியூர்க்காரர்கள் கழிப்பறை என்று நினைத்துக் கதவு தட்டும்
ஒரு பலகைக் கூண்டுக்குள் அது இருக்கிறது.
ஐந்து குடும்பத்துக்கு ஒன்று.
நூலில் கட்டிய பென்சில், கோடு போட்ட நோட்டு.
பேசியவர் பேசிய நிமிடத்தை எழுதவேண்டும்.
கணக்குப் பார்ப்பவள் நான், ஆர்ஃபா ரேபர்,
முட்டை விற்பவள், மணமாகாதவள்.
மூக்கை நுழைப்பவள் என்றும் சொல்வார்கள்.
கணக்குக்கு மூக்கும் வேண்டும்.

ஜனவரி பில் வந்தது.
கால்நடை மருத்துவர், பல் டாக்டர், தீவன மில்.
அதன் கீழே
ஒரே எண், அறுபது முறை.
பனிப்புயல் அடித்த பதினேழாம் தேதி மட்டும் விடுப்பு.
ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள்.
நோட்டில் ஒரு கோடுகூட இல்லை.

ஞாயிறு ஆராதனை கிங்கரிச் வீட்டில்.
பீன்ஸ் சூப் பரிமாறும்போது, யாருடையது என்று கேட்டேன்.
ஐந்து குடும்பமும் குனிந்து சூப்பை ஊதியது.
ஆறிப்போன சூப்பை.

அந்த எண்ணை நானே அழுத்தினேன்.
(அந்த நிமிடத்தை என் பெயரில் எழுதிவிட்டேன்.)
இண்டியானாவில் ஒரு டயர் கடை. மூடியிருக்கிறது,
பெயரைச் சொல்லி வையுங்கள் என்றது பதிவுக் குரல்.
ஆங்கிலம்தான்.
ஆனால் 'டயர்' என்பதை நம் வீட்டு ஜெர்மன் போல உருட்டியது.

மெர்ல்.
ஞானஸ்நானம் வாங்கிய பிறகு கிளம்பிப் போனவன்.
எனக்கு மூன்று மகன்கள் என்கிறார் எர்வின் காப்லென்ஸ்
ஆறு வருடமாக.
நால்வருக்கும் முட்டை எண்ணிக் கொடுத்தவள் நான்.

முழுப் பூசணியைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம்,
பனியில் முடியாது.
கூண்டுவரை எர்வினின் பூட்ஸ் தடம்,
இடது குதிகால் அரைநிலவாய்த் தேய்ந்தது.
ஆனால் அடிக்கு அடி இடைவெளி குறைவு.
ஆறடி மனிதர் ஏன் வாத்து நடை நடக்கிறார்?

சோளப் பட்டறைக்குப் பின்னால் நின்றேன்.
இரவு எட்டு பத்து.
புருஷனின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு லோவினா வந்தாள்.
எடுத்தாள், கேட்டாள், ஒரு சொல் பேசாமல் வைத்தாள்.

வழக்கு முடிந்ததென்று படுத்திருக்கலாம்.
பில் விடவில்லை. பாதி அழைப்புகள்
விடியற்காலை நான்கரைக்கு.
மறுபடி நின்றேன், மூக்கு உறைய.
அதே பூட்ஸ். இப்போது நீள நடை.
கேட்பதற்கு முன் எர்வின் தொப்பியைக் கழற்றினார்.

ஒரே வீடு, ஒரே ஜோடி பூட்ஸ்,
ஒருவருக்கு ஒருவர் தெரியாது.
இருவருக்கும் அந்த எண் எப்படிக் கிடைத்தது என்பதை
இன்றுவரை நான் கண்டுபிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை எர்வினிடம் போய்
கூண்டுக் கதவின் கீல் ஆடுகிறது,
பால் கறந்து முடித்து எட்டு மணிக்குப் பாருங்களேன் என்றேன்.
கீல் ஆடியது பொய்யில்லை.
திருப்புளி யாருடையது என்று அவர் கேட்கவில்லை.

அன்று பூட்ஸ் அவர் காலில்.
லோவினா தன் மெல்லிய காலணியில்
பனி உள்ளே இறங்க இறங்க வந்தாள்.
அதற்குமேல் நான் பார்க்கவில்லை.
சரி, கொஞ்சம் பார்த்தேன்.
திருகாணி வாயில், டார்ச் கையில், அவர் நிமிர்ந்தார்.
அவள் திரும்பிப் போகவில்லை.
அந்தக் கூண்டில் ஒருவருக்குத்தான் இடம்.

மார்ச் பில்லில் அந்த எண் ஒரே ஒரு முறை.
பகலில், கடை திறந்திருக்கும் நேரத்தில்.
நாற்பத்தோரு நிமிடம்.

நோட்டைப் பார்த்தேன்.
காப்லென்ஸ், இருபது. அவர் கையெழுத்து.
காப்லென்ஸ், இருபது. அவள் கையெழுத்து.
ஒரு நிமிடம் உதைத்தது.
இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.
யாரும் பேசாத நிமிடம் போலிருக்கிறது.
யாரையும் கேட்காமல்
முட்டைக் காசிலிருந்து கட்டினேன்.