முன்னாடி இருந்தது

கடலூர் முதுநகர் ஐஸ் கம்பெனியில்
பகல் முழுக்கக் கட்டி இழுத்த கை.
சாயங்காலம் ஏழு மணிக்கும்
விரல்நுனி திரும்பி வரவில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் கல்யாண வரவேற்பு.
மண்டபத்தின் பின்னால் ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது.
பேஸ் கிதாரின் தடித்த கம்பியை
ஆள்காட்டியால் ஒரு தரம் தொட்டேன்:
வேறு யாரோ தொடுவதுபோல் இருந்தது.

"தயிர்சாதம் பிசையாதய்யா" என்றான் சவரிராஜ்,
டிரம்ஸ் ஸ்டூலின் திருகை முடுக்கியபடி.
"என் கிக்கு ஒரு பக்கம் விழுது,
உன் நோட்டு பின்னாடியே
செருப்பைத் தேடிக்கிட்டு வருது.
பிக்கைப் போடு."

பாண்டிச்சேரி நேரு வீதியில் வாங்கியது.
நாற்பது ரூபாய். புளியங்கொட்டை நிறம்.
மூன்று மாதமாய்ச் சட்டைப்பையில்
சில்லறையோடு சில்லறையாய்க் கிடக்கிறது.
ஒருமுறை டீக்கடையில் எண்ணிக் கொடுத்தும்விட்டேன்;
கடைக்காரர் திருப்பித் தந்தார்.

எனக்கும் தெரியும்.
பிக் வைத்தால் ஒவ்வொரு நோட்டுக்கும் விளிம்பு உண்டு.
தகர ஷீட்டில் முதல் மழைத்துளி மாதிரி
இங்கே, இங்கே, இங்கே என்று
விழுந்த இடத்தைச் சொல்லிவிடும்.
தப்பாய் விழுந்தாலும் சொல்லிவிடும்.
விரல் அப்படியில்லை.
பெயர்தான் ஆள்காட்டி.
இருபது வருடத்தில் ஒருமுறையும்
என்னை அது காட்டிக் கொடுத்ததில்லை.

முதல் இரண்டு பாட்டு விரலில்.
மூன்றாவதில், மாப்பிள்ளையின் நண்பர்கள்
சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஆட வந்ததும்,
பிக்கை எடுத்தேன்.

அவன் கால் மிதிக்க, என் கை கொத்த,
இரண்டும் ஒரே ஆணியின் தலையில் விழுந்தன.
வாசிக்கும்போது சவரிராஜ் சிரித்து
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
கலியவரதன் அண்ணன்கூடக் கீபோர்டிலிருந்து
தலையைத் தூக்கிப் பார்த்தார்.
நான் இருப்பது
எங்கள் குழுவுக்கே அப்போதுதான் கேட்டது.
கூச்சமாக இருந்தது,
குளிக்கும்போது கதவு திறந்துகொண்ட மாதிரி.

ஐந்தாம் பாட்டில், ஒரு மெதுவான இடத்தில்,
வியர்வையில் வழுக்கி
மேடைப் பலகை இடுக்கில் போய்விட்டது பிக்.
குனிய நேரமில்லை.
விரல்களே இறங்கி நடந்தன.
ஆள்காட்டி, நடுவிரல், ஆள்காட்டி, நடுவிரல்.
ஐஸ் எப்போது விட்டதோ,
கம்பியின் முறுக்கு ஒவ்வொன்றும் தெரிந்தது.

பந்தி முடிந்து ஒயர் சுருட்டும்போது
சமையல்கட்டிலிருந்து அஞ்சாபுலி வந்தார்.
பேஸ் பெட்டியின் முதுகில் தன் முதுகைச் சாய்த்து
கச்சேரி முழுக்கத் தூங்கியவர்.
இடுப்பு வலிக்கு இதமாய் இருந்ததாம்.
"நடுவுல என்னமோ மாத்துன தம்பி.
முன்னாடி இருந்ததே நல்லா இருந்துச்சு."

எந்த முன்னாடி என்று கேட்பதற்குள்
அண்டா கழுவக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வேன் கெடிலம் பாலம் ஏறும்போது
சவரிராஜ் இருட்டிலிருந்து சொன்னான்:
"மூணாவது பாட்டைத்தான் சொல்றாரு. சத்தியமா."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஜன்னல் கம்பியில் இரண்டு விரல்
தானாகவே நடந்துகொண்டிருந்தது.

நாளை மறுநாள் பாண்டிக்கு ஒரு லோடு போகிறது.
நேரு வீதி வழியாகப் போகாது.
டிரைவரிடம் சொன்னால் போகும்,
கொஞ்சம் சுற்று.