எண் பதினேழு

குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே நூற்றுப் பன்னிரண்டு படி.
ஏறுவது அவளுக்கு வேண்டாம்,
இறங்க வேண்டும்.
ரோடு சுற்றி ஆட்டோவில் மேலே கொண்டுபோய்விட்டு
இறங்குங்கள் என்பாள்.
இருபது தடவை.
முப்பத்தாறு பேர்.

இறங்கும்போதுதான் தசை கிழியுமாம்,
கண்ணுக்குத் தெரியாத கிழிசல்.
அவள் தசை என்பாள், நான் சதை என்பேன்,
கறிக்கடைக்காரர் மாதிரி பேசுறீங்க என்று சிரிப்பாள்.
பெயர் ஹேமலோசினி,
கோயம்புத்தூரில் உடற்பயிற்சிப் படிப்பு.
அவள் கேள்வி ஒன்றுதான்:
கொக்கோ குடித்தால் வலி சீக்கிரம் போகுமா?

படிவத்தில் கேட்டிருந்தது,
உடற்பயிற்சி செய்யும் பழக்கம் உண்டா?
இல்லை என்று போட்டேன்.
தொழில்? டெலிவரி.

ஆளுக்குப் பத்து உறை.
பாதிப் பேருக்குக் கொக்கோ.
மீதிப் பேருக்கு அதே நிறம், அதே கசப்பு,
சங்கதி மட்டும் இருக்காது.
யாருக்கு எது என்று அவளுக்கே தெரியாது,
புரொஃபசர் மேஜையில் பூட்டிக் கிடக்கிறது.
என் உறைகளில் 17 என்று எழுதியிருந்தது.

ராத்திரி சுடுபாலில் கலக்கிக் குடிக்க வேண்டும்.
காலையில் வலிக்கு ஓர் எண் போட வேண்டும்,
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்.

முதல் ராத்திரி கலக்கி வைத்தேன்.
ஜெசிந்தா மோந்து பார்த்தாள்.
தெருவுக்குத் தெரு சாக்லேட் விற்கும் இந்த ஊரில்
நூறு கிராம் என்ன விலை என்று கேட்டு
நானும் அவளும் திரும்பி வந்த கடைகளின் வாசனை.
ஒரே ஒரு வாய்ப்பா என்றாள்.
ஒன்பது வயதில் ஒரு வாய் என்பது
டம்ளரின் அடி வரைக்கும்.
உதட்டுக்கு மேலே மீசையோடு
கசக்குது, நாளைக்கும் வேணும் என்றாள்.

பத்து ராத்திரியும் அவள்தான் குடித்தாள்.
எனக்குப் பாலில்லாத டீ.

பேக்கரி தேவசகாயம் இரண்டாம் நாள்
ஸ்டூலில் உட்கார இன்னோர் ஆளைப் பிடித்துக்கொண்டார்.
பேங்க் காசாளர் பின்பக்கமாகப் படி இறங்கினார்,
மார்க்கெட்டே நின்று பார்த்தது.
நான் எழுதினேன்:
இரண்டு. இரண்டு. ஒன்று. அப்புறம் பூஜ்யம், பூஜ்யம்.
அந்த எண்களில் பொய் இல்லை.
குடித்தீர்களா என்ற கட்டத்தில்தான்
பத்து டிக்.

ஆடி மாதக் காற்றில் போன் வந்தது.
அண்ணா, பூட்டைத் திறந்துட்டாங்க,
உங்களுக்குக் கொக்கோதான்!
கிராஃபில் உங்க புள்ளி மட்டும் எல்லாருக்கும் கீழே, தனியாக் கிடக்கு.
மற்ற கொக்கோக்காரர்களுக்கு
வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம்.
உங்களைச் சேர்த்தால் கொக்கோ ஜெயிக்குது.
எடுத்துட்டா ஒண்ணுமே இல்லை.
எடுக்கிறதுக்குக் காரணமும் இல்லையே.

சந்தோஷம்மா என்றேன்.
வேறு என்ன சொல்வது என்று
தெரிந்தும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து லிஸ்டில் அவள் முகவரி.
பெட்ஃபோர்டுக்குக் கீழே வாடகை வீடு,
ரோட்டிலிருந்து அறுபத்து மூன்று படி,
பாசி பிடித்தவை.
தோளில் சிலிண்டர், முப்பது கிலோ,
மூடுபனியில் அடுத்த படிகூடத் தெரியவில்லை.
காலுக்குத் தெரியும்.

கதவைத் திறந்தவள் நீங்களா என்றாள்.
என் தோளைப் பார்த்தாள்.
பிறகு எனக்குப் பின்னால் மேலே பார்த்தாள்,
உதடு அசைந்தது, படிகளை எண்ணுகிறாள்.
ஒரு நாளைக்கு எத்தனை, அண்ணா?
முப்பது. சீசனில் நாற்பது.
எத்தனை வருஷமா?
பதினாலு.
உடற்பயிற்சி இல்லைன்னு எழுதியிருந்தீங்களே.
அது எப்படிம்மா உடற்பயிற்சி ஆகும், என்றேன்.
அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வாஷரைப் பார்த்தேன்.
ரெகுலேட்டரை மாட்டினேன்.
சோப்புத் தண்ணீர் தடவினேன்,
ஒரு குமிழிகூட வரவில்லை.
கசிவு இல்லை என்று சொல்லிவிட்டு
காலிச் சிலிண்டரைத் தோளில் ஏற்றியவன்
மறுபடி இறக்கி வைத்தேன்.

அம்மா, அந்தப் பத்து டம்ளர் விஷயம்.