ஒன்றுக்கு வலப்புறம்

புடாபெஸ்ட். நாற்பத்தாறு, ஜூலை.
நோட்டு அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறாள் பிரோஸ்கா.
குளிர்காலம் வரை சுழிகளை எண்ணினாள்,
பென்சில் முனையால், மும்மூன்றாக,
பேன் பார்ப்பது போல.
பிறகு சுழிகளுக்குத் தாளில் இடம் போதவில்லை.
பெயர்களை அடித்தார்கள்.
பெங்கோ. மில்பெங்கோ. பி-பெங்கோ.
அதே பழைய படம், அதே பெண்முகம்,
மை மட்டும் வேறு.
பெயர் வைத்தால் அடங்கிவிடும் என்று நினைக்கிறார்கள்,
தெருநாய்க்கு வைப்பது போல.

நான் எழுதும் மொழியில்
எண்ணி மாளாததற்குப் பூவின் பெயர்:
நெய்தல், குவளை, ஆம்பல்.
அதையும் தாண்டினால் வெள்ளம்.
நீரோரம் நின்று எண்ணியிருப்பார்கள்.
இவள் எண்ணியது ரொட்டி வரிசையில்.

முன்னால் நின்ற ஓடோன் சொன்னான்:
"நாளைக்கு முடிவிலி நோட்டு வரும் பார்."
எல்லோரும் சிரித்தார்கள்.
இவளுக்குப் பிழை உறுத்தியது.
"வராது.
பத்துக் கோடி பி-பெங்கோவை நேற்றுத்தான் பார்த்தேன்.
ஒன்றும் இருபது சுழியும். இருபதே.
முடிவிலி தெருக்கோடியில் இருக்கிற வீடா,
நடக்க நடக்கக் கிட்டே வர?
ஒற்றைப் பெங்கோவும் இதுவும்
அதற்கு ஒரே தூரம்."

"எங்கள் மூன்றாம் மாடிக்கு வா, காட்டுகிறேன்"
என்றாள் எட்டெல்கா.
குண்டுக்குத் தப்பிய ஒரே அறை. பதினான்கு பேர்.
பதினைந்தாவதாய் ஒருத்தி வந்தாள்.
ஆளுக்கோர் இடம் நகர்ந்து படுத்தார்கள்.
"இனி எத்தனை பேர் வந்தாலும் அப்படித்தான்."

"மாடிப்படியில் ஒருவன் தூங்குகிறானே, யார்?"

"என் மைத்துனன்."

"கடைசி ஆள்.
முடிவிலியில் அவன் கிடையாது.
கடைசி என்றே ஒருவர் இல்லாததால்
நிறைந்த வீட்டிலும் ஓர் அறை காலியாகும்,
யாரும் படியில் படுக்க வேண்டாம்.
உன்னுடையது வெறும் பதினைந்து, எட்டெல்கா."

யாரோ இருமினார்கள்.
வரிசை இரண்டடி நகர்ந்தது.
இவள் முறை வருவதற்குள் விலை மாறிவிட்டது.

அன்றிரவு கைப்பையிலிருந்ததை அடுப்பில் போட்டாள்.
கோடி கோடியாய் எரிந்ததில்
நாலு உருளைக்கிழங்கு
பாதிதான் வெந்தது.

ஆகஸ்டில், துடைப்பக்காரர்கள்
வெள்ளத்தையெல்லாம் சாக்கடைக்குத் தள்ளிக்கொண்டிருந்த காலையில்,
புதுக்காசு ஒன்று கையில் விழுந்தது.
அலுமினியம். கனமே இல்லை.
நடுவில் 1.
கட்டைவிரல், பழக்கதோஷம்,
அதற்கு வலப்புறம் தடவிப் பார்த்தது.
விளிம்பு.
திருப்பினாள். அங்கேயும் இல்லை.
டிராம் வந்து, நின்று, போனது.
இன்னொரு தரம் தடவினாள்.