பகல் உறக்கத்துக்கு ஓர் அறை

கன்டெய்னர் யார்டில் எனக்கு இரவு ஷிப்ட்.
எட்டுக்கு வீடு திரும்பி ஒன்பதுக்குப் படுத்தால்
குக்கர், டிவி, தண்ணி லாரியின் ஹாரன்,
கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு ரயில்.
கண்ணுக்குள் மணலோடு எழுந்து
மறுபடி வேலைக்கு.
மாடியில ஒரு ரூம் போட்டுக்கலாம் என்றார் எட்வின்.
பத்துக்குப் பன்னிரண்டு. ஒரே ஜன்னல்.
அதற்கும் கறுப்புத் திரை.
இவ்வளவுதான் நான் கேட்டது.

லைசென்ஸ் சர்வேயர் குணாளன்
பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் வரைபடத்தை விரித்தார்.
பட்டா, வில்லங்கம், மூலப்பத்திரம், வரி ரசீது,
எதிலும் இனிஷியல் மாறக் கூடாது.
எனக்கு மூன்று இனிஷியல்:
பத்திரத்தில் அப்பா,
ஆதாரில் எட்வின்,
பட்டாவில் யாரோ தூக்கக் கலக்கத்தில் தட்டியது.
"மூணு பேரும் நீங்கதான்னு
ஒரு அஃபிடவிட் போட்டுரலாம்மா."
நோட்டரிக்கு இருநூறு ரூபாய்.
அன்று முதல் நான் ஒருத்தி.

முதல் தடவை திரும்பி வந்தது,
ஸ்கேன் மங்கலாம்.
இரண்டாவது தடவை
வடக்கு காட்டும் அம்பு தெற்கே பார்க்கிறதாம்.
மூன்றாவது தடவை ஒரே வரி:
மேற்படி இடம் பதிவேட்டின்படி காலி மனை,
கூடுதல் கட்டுமானம் கோர
ஏற்கெனவே கட்டடம் இருத்தல் வேண்டும்.

மண்டல அலுவலகத்தில்
சுற்றாத மின்விசிறிக்குக் கீழே நின்று
இரண்டு முறை படித்தேன்.
எழுபத்தெட்டில் அப்பா கட்டிய வீடு.
ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டது தொண்ணூற்றாறில்.
வர்தா புயலில் எதிர்வீட்டுச் சின்டெக்ஸ் தொட்டி
பறந்து வந்து எங்கள் கைப்பிடிச் சுவரில் மோதியது.
காலி மனையில் அது எதில் மோதியிருக்கும்?
காலி மனையிலா
சாக்கடை திரும்பி வந்து முழங்கால்வரை நின்றது,
கட்டிலைச் செங்கல் மேல் தூக்கி வைத்தோமே?
அரையாண்டுக்கு அரையாண்டு
வீட்டு வரி வாங்கியது யாரிடம்?

இதில் எதையும் கேட்கவில்லை.
பின்னால் நின்றவர்
"கொஞ்சம் நகரும்மா" என்றார். நகர்ந்தேன்.

வீடு இருப்பது நிரூபணமாக ஐந்து வாரம்.
அடுத்து, பக்க இடைவெளி எங்கே என்றார்கள்.
எங்களுக்கும் அப்பாராவ் வீட்டுக்கும் நடுவே
ஒற்றைச் சுவர்.
அவர் ஆணி அடித்தால் எங்கள் காலண்டர் விழும்.
இடைவெளிக்கு எங்கே போவது?
குணாளன் பென்சிலைச் சீவிக்கொண்டு
என் அறையையும் சீவினார்.
பன்னிரண்டு ஒன்பதானது.
பத்து ஏழரை ஆனது.
வெட்டிய இடத்தில்
காகிதத்தில் நல்ல காற்று.

ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு
உதவிப் பொறியாளர் பிரபாவதி வந்தார்,
என் தூக்கத்தின் நடுவில்.
டேப்பின் ஒரு முனையை என் கையில் தந்து
"டைட்டா பிடிங்க" என்றார்.
அப்போது பார்த்து ரயில்.
டேப் அதிர்ந்தது, அளவு நிற்கவில்லை.
ஆளுக்கொரு முனையில்
பேசாமல் நின்றோம்.
"எத்தனை வேகன்தான் இருக்கு?"
"நாற்பத்திரண்டு மேடம்."
என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.
"இங்க எப்படிங்க தூங்குறீங்க?"
"அதுக்குத்தான் ரூம் கேக்குறோம்."
ஏதோ எழுதிக்கொண்டார்.
என்னவென்று தெரியவில்லை.

இன்றைய நிலை: பரிசீலனையில்.
ஆயிரம் செங்கல் வந்து இறங்கி இரண்டு மாதம்,
அடுக்கின் இடுக்கில் பூனை குட்டி போட்டிருக்கிறது
எந்த அனுமதியும் இல்லாமல்.
மாடியில் குணாளன் கிழித்த சுண்ணாம்புக்கோடு
மழையில் போய்விட்டது. எட்வின் மறுபடி கிழித்தார்,
நான்கு விரல் அகலம் கூட்டி.

நேற்று மூன்றாவது விசிலுக்கு எழுந்து
பாயைச் சுருட்டிக்கொண்டு மேலே போனேன்.
கதவு வரவேண்டிய இடத்தில் செருப்பைக் கழற்றினேன்.
ஜன்னல் வரவேண்டிய பக்கமிருந்து வெயில்
நேராகக் கண்ணில்.
துப்பட்டாவை முகத்தில் இழுத்துவிட்டு
கோட்டுக்குள் கால் மடக்கிப் படுத்தேன்.
ரயில் வந்தது.
முப்பதாவது வேகன்வரை எண்ணியது நினைவிருக்கிறது.