மூன்றாவது கட்டம்

மனுத்தாளில் நான்கு கட்டங்கள்:
பெயர், கதவு எண், காரணம், கையொப்பம்.
கிளாத்திக் குளத்தில் மண்ணடிக்க
முதல் டிப்பர் வந்த மறுநாள்
நானும் ஸ்டெல்லாபாயும்
வெட்டூர்ணிமடத்தின் பின்தெருக்களில் படியேறினோம்.

பெயரில் யாரும் திணறவில்லை.
மூன்றாவது கட்டத்தில்தான் பேனா நின்றது.

"எனக்க கெணறு வத்திரும், எழுது"
என்றார் பகவதியப்பன்.
பறவைகள்?
"அதுக்குச் செறகு இருக்கு. கெணத்துக்கு இருக்கா?"

மாடிவீட்டு ஜெபசிங்
வங்கிக் கடனில் பாதி அந்த ஜன்னலுக்குத்தான் என்றார்,
ஒளிவுமறைவு இல்லாமல்.
சுபைதா ஒரே சொல் எழுதினாள்: மழை.
இடுப்பளவு நின்ற தண்ணீரின் கோடு
அவள் சுவரில் இன்னும் பழுப்பாக இருந்தது.

கொசு, பாம்பு, மூடினால் நல்லது என்று
கேட்டைச் சாத்திய மரியதாசன்
தெருமுனை வரை ஓடிவந்து கூப்பிட்டார்:
"மண்ணடிக்கது ஆரு? எனக்க மச்சினன் அருளப்பனா?
கொண்டா அந்தத் தாள."

என் காரணமும் பெரிதில்லை.
சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர்.
லாரி இடிக்காமல் சுற்றிவர
ஊருக்குள் வேறு வட்டம் இல்லை.

கடைசி வீட்டில் வின்சிலால்
அடுக்களை ஜன்னலோரம் டிபன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.
காலைக் கட்டிக்கொண்டு சின்னவள்.
மனைவி குவைத்தில் நர்ஸ், நாலாவது வருடம்.
ஈரக்கையைக் கைலியில் துடைத்துவிட்டு
நேரமெடுத்து எழுதினான்:
தாமரைக்கோழி. ஆண்தான் அடைகாக்கும்.

"நாலு முட்டை, ஒரு எலை, அவ்வளவுதான் வீடு.
அவ போயிருவா, இவன் இருப்பான்.
வெயில் ஏறினா செறகால மறைப்பான்.
வெடிய பாத்திரம் கழுவும்போ
பாத்துக்கிட்டே நிப்பேன், கேட்டியளா."

பிறகு தானே சிரித்து
அதைக் கோடு போட்டு அடித்து, மேலே எழுதினான்:
நிலத்தடி நீர்.

கலெக்டர் ஆபீஸில் கையெழுத்தை மட்டும் எண்ணினார்கள்,
இருநூற்றுப் பதினொன்று.
முத்திரை விழுந்தது
மூன்றாவது கட்டத்தின் மேல்.

வியாழனிலிருந்து லாரி வரவில்லை.
மழையாலா, மனுவாலா, டீசல் விலையாலா, தெரியாது.
விடிகாலை நடையில் அந்த வளைவில் மட்டும்
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்கிறேன்.
இலைகளுக்கிடையே வால் தெரிகிறது,
வளைந்து, கறுப்பாய்.
எழும்பவில்லை.

எதிரே அடுக்களை விளக்கு எரிகிறது.