பிரேக் பழக்குதல்

கோச்சா மேசையில் இரண்டு ஜோடி வைத்தான்.
ஒன்றில் வரிசையாகத் துளைகள், பந்தயக் கார் மினுக்கு.
மற்றது வெறும் வார்ப்பிரும்பு,
எண்ணெய்த் தாளில் சுற்றிய கனம்.
"துளை இருந்தால் சூடு சீக்கிரம் இறங்கும், லம்சீரா."
துளையிலிருந்துதான் விரிசலும் கிளம்பும் என்று
அவன் சொல்லவில்லை.
நான் கனத்தைத் தூக்கிப் பார்த்தேன்.

எலியாவா சந்தையில் இந்தச் சந்து முழுக்க
கழற்றிய கார்கள்: கதவுகள் ஒரு குவியல்,
ஸ்டியரிங்குகள் ஒரு குவியல்.
ஏன் கழற்றினார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

போன செவ்வாய், அபானோ கணவாய் இறக்கத்தில்
என் டெலிகாவின் மிதி தரைவரை போனது.
பின்னால் ஆறு பேர், நான்கு மூட்டை பாலாடைக்கட்டி,
ஒரு சைக்கிள், அதன் டச்சுக்காரன்.
கட்டி விலையைப் பேசிக்கொண்டிருந்தேன்.
வண்டி நிற்கவில்லை. பேச்சையும் நிறுத்தவில்லை.
கியரை இறக்கி, மலைப்பக்கம் உரசி,
மிதித்து மிதித்து
கிலோ இன்ன விலை, போன வருஷம் இன்ன விலை
என்று வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது.
முன்னிருக்கை ஜும்பெர் மட்டும் என் காலைப் பார்த்தார்.
"கட்டுப்படியாகாது" என்றார்,
மெதுவாக.

பழைய தட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன்.
விளிம்பில் பொறித்திருக்கிறது:
இதற்குமேல் தேயக் கூடாது என்று ஓர் எண்.
கோச்சா அளவியைக் கவ்வவிட்டான், படித்தான்,
எனக்கு ஒரு தேநீர் ஊற்றினான்.
பிறகுதான் சொன்னான்,
"பிரேக் ஆயிலும் கொதித்திருக்கும். அதையும் மாற்று."

பேட்?
செராமிக் என்றால் புழுதி இல்லை, சத்தம் இல்லை.
உலோகம் கலந்தது கத்தும்.
கத்தட்டும்.
தேய்ந்து முடியும் நாளில் தட்டை உரசிக் கீச்சிட
ஓரத்தில் ஒரு தகர நாக்கு உண்டே,
அது இருக்கிறதா என்று மட்டும் தடவிப் பார்த்தேன்.
கடைவாய்ப் பல்லுக்கு வைத்திருந்த பணம்.
எண்ணிக் கொடுக்கும்போது
என் நாக்கு தானாகப் போய்க் குழியைத் தொட்டது.

மறுநாள் விடியலில்
திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நேர்ச்சாலை.
அறுபது. மிதித்துப் பத்து. மறுபடி அறுபது.
புதுப் பேடும் புதுத் தட்டும் ஒன்றையொன்று
பழகும்வரை முழுதாக நிறுத்தக் கூடாது.
பதினான்காவது தடவை
ஒரு போலீஸ்காரன் கை காட்டினான்.
"குறுக்கே ஆள் இல்லை, ஆடுகூட இல்லை,
எதற்கு இத்தனை பிரேக்?"
"ஆள் இல்லாததால்தான்" என்றேன்.
சக்கரத்தை மோந்து, "கருகுகிறது" என்றான்.
"தெரியும்."
லைசென்ஸ் கேட்டான்.
வண்டியை உருட்டிக்கொண்டே ஜன்னல் வழி நீட்டினேன்.
அதைப் படித்தபடி
கூடவே நடந்து வந்தான்.