வழக்கமாய்த் திரியும் இடம்

மே மாதம் இருபத்து நான்கு.
அந்த மேட்டுநிலத்தில் உறைபனி இறங்கும் காலம்.
மகாராணிக்குப் பிறந்தநாள்; ஆகவே
ஆளுக்கொரு கம்பளி.

கான்ஸ்டபிள் ரட்ஜ் மேசை போட்டிருக்கிறான்,
ஓடைக்கரையில், வேலமரத்தடியில்.
மை உறைந்துவிடாமல் புட்டியைக்
கக்கத்தில் இடுக்கியிருக்கிறான்.
அச்சடித்த தாளில் ஐந்து கட்டங்கள்:
நாம் வைத்த பெயர், அவர்கள் சொல்லும் பெயர்,
உத்தேச வயது, பிள்ளைகள்,
வழக்கமாய்த் திரியும் இடம்.

போன வருடம் எண்பத்தொரு கம்பளி.
இந்த வருடம் நாற்பத்தாறு போதும் என்று
சிட்னிக்கு முன்னமே எழுதிவிட்டான்.
மிச்சம் முப்பத்தைந்து பேர் என்ன ஆனார்கள் என்பதற்குத்
தாளில் கட்டம் இல்லை.

பத்தாவதாக நிற்பவள் முர்ரின்கா.
தாளில் மேரி.
ஒன்பதாவதாக நின்றவளும் மேரிதான்.

அவள் தோளில் கிடப்பது போசம் தோல்;
ஐம்பது தோலைக் கங்காரு நரம்பால் தைத்தது.
உட்புறம் சிப்பியால் கீறிய கோடுகள்:
இந்த ஓடை, இதன் வளைவு, மீன் மறிக்கும் கல்வரிசை,
அவளைப் பெற்றெடுத்த பாறை நிழல்.
ரோமம் உதிர்ந்துவிட்டது. புதிது தைக்கத் தோலில்லை.
தோலுக்குப் போசம் வேண்டும்,
போசத்துக்கு மரம் வேண்டும்,
மரத்தையோ சுற்றிலும் பட்டை சீவி
நின்றவாக்கில் கொன்றார்கள்,
ஆட்டுக்குப் புல் வேண்டுமாம்.

அந்த ஆட்டின் ரோமம்தான்
கப்பலேறி, யார்க்ஷயரில் நூலாகி,
மறுபடி கப்பலேறி,
மூலையில் சிவப்பு நூலில் கிரீடம் தைத்துக்கொண்டு
அவள் முன்னால் மடிந்து கிடக்கிறது.
நனைந்தால் மூன்று நாள் காயாது.
போன குளிரில் அதைப் போர்த்திக்கொண்டுதான்
அவள் மகன் இருமினான்.
பிறகு இருமவில்லை.

"எங்கே திரிவாய் நீ?"

அவள் குனிந்தாள்.
மேசைக்கால் ஊன்றியிருந்த மண்ணைத்
தொட்டுக் காட்டினாள்.
எதையோ கீழே போட்டுவிட்டுத் தேடுகிறாள் என்று
ரட்ஜ் மரியாதையாய்த் தன் பூட்ஸை நகர்த்திக்கொண்டான்.

கடைசிக் கட்டத்தில் எழுதினான்:
நிலையான இடம் கிடையாது.
மை உலர ஊதினான்.
அடுத்து.

சாயங்காலம் மேசையை மடித்து
வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.
கரையில் நாலு குழிகள் இருந்தன.
முர்ரின்கா காலால் மண்ணைத் தள்ளி
மூன்றை மூடினாள்.
நாலாவதில்
எறும்புகள் ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருந்தன.